சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு

“ஏட்டய்யா, எங்க பக்கம் வக்கீல் யாருங்க?”

தர்மபுரி கோர்ட் வளாகத்தில் அடிபட்டவர்களும் பொருளைப் பறிகொடுத்தவர்களும் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். என் போலீஸ் சர்வீஸில் பெரும்பகுதி கோர்ட் டூட்டியில் போயிற்று. ஸ்டேஷனிலிருந்து கேஸ் கட்டை எடுத்துப்போய் அரசு வழக்கறிஞர் மேசையில் வைக்க வேண்டும். சாட்சிகளுக்குச் சம்மன் சார்வு செய்ய வேண்டும். கைப்பற்றிய அரிவாளையும் ரத்தக்கறை படிந்த சட்டையையும் விசாரணை நாளில் எடுத்து வைக்க வேண்டும். சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்ற பிறகும், சொந்தக்காரர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். கடன் வாங்கித் தனி வக்கீல் வைக்கப் போன குடும்பங்களைத் தடுத்து நிறுத்திப் பதில் சொல்லியிருக்கிறேன்: உங்கள் பக்கம் நிற்பவர் அரசு வழக்கறிஞர். அவருக்கு நீங்கள் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை.

தர்மபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி குற்றவியல் நடுவர் கோர்ட்டுகளில் அரசுக்காக வழக்கு நடத்துபவர் உதவி அரசு வழக்கறிஞர். கோர்ட்டில் எல்லோருக்கும் அவர் ஏ.பி.பி. தேர்வாணையப் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர். கொலை, பாலியல் வன்முறை போன்ற பெரிய வழக்குகள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். அங்கே நடத்துபவர் அரசு வழக்கறிஞர், அதாவது பி.பி. குறைந்தது 7 ஆண்டு வக்கீலாக இருந்தவர்களில், கலெக்டர் மாவட்ட நீதிபதியைக் கலந்து தயாரிக்கும் பட்டியலிலிருந்து அரசு அவரை நியமிக்கும். ஆட்சி மாறினால் பி.பி.யும் மாறுவது நம் ஊர் வழக்கம். பாதி நடந்த கொலை வழக்கைப் புதிதாக வந்தவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வழக்கம் சாட்சிகளுக்கு இழைக்கும் அநியாயம் என்றே நினைத்தேன்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் இந்த வக்கீலை அந்தந்த மாவட்ட மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் மீது வழக்குப் போடுவது, எந்தக் குற்றத்துக்குப் போடுவது என்பதையும் அவரே முடிவு செய்கிறார். நம்மிடம் அந்த அதிகாரம் போலீஸ் கையில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போடுவது, புலன்விசாரணை செய்வது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது எல்லாம் ஸ்டேஷன் வேலை. ஆனால் குற்றப்பத்திரிகை வரைவை ஏ.பி.பி.யிடம் காட்டிக் கருத்து வாங்குவது உண்டு. நல்ல ஏ.பி.பி. கையில் அந்த வரைவு சிவப்பு மையோடுதான் திரும்பி வரும். காயச் சான்று இருக்கிறது, அதைக் கொடுத்த டாக்டர் பெயர் சாட்சிப் பட்டியலில் எங்கே? மகஜரில் சாயங்காலம் 5 மணி, வாக்குமூலத்தில் இருட்டிய பிறகு என்று இருக்கிறதே, எது சரி? எங்கள் இன்ஸ்பெக்டர்களுக்குச் சில நாள் கோபம் வரும். அந்தக் கேள்வியை அன்றைக்கே அவர் கேட்காவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பார். அப்போது பதில் சொல்லத் திணறுவது கூண்டில் நிற்கும் சாட்சி.

ஏ.பி.பி. போலீஸின் வக்கீல் என்று பலர் நினைக்கிறார்கள். 1973 சட்டத்துக்கு முன்னால் போலீஸ் அதிகாரிகளே கீழ்க்கோர்ட்டுகளில் வழக்கு நடத்தியதால் வந்த நினைப்பு அது. எப்படியாவது தண்டனை வாங்கியே தீர வேண்டும் என்ற வெறி அரசு வழக்கறிஞருக்குக் கூடாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரம் கேஸ் கட்டில் இருந்தாலும் அதை மறைக்காமல் வைப்பது அவர் கடமை. நான் மதித்த ஏ.பி.பி. ஒருவர் கிராமத்துச் சாட்சிகளிடம் தவறாமல் சொல்வார்: “அம்மா, நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க. பார்க்காததைக் கேட்டா, பார்க்கலைன்னு சொல்லுங்க. அது போதும்.”

சாட்சி கூண்டேறிச் சொல்வதில்தான் வழக்கே நிற்கிறது. ஸ்டேஷனில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. அதைக் காட்டி யாருக்கும் தண்டனை வாங்க முடியாது. நீதிபதி முன்னால் அவர் வாயால் சொல்ல வேண்டும். அங்கே மாற்றிச் சொன்னால் பிறழ்சாட்சி. ஏ.பி.பி. கோர்ட்டின் அனுமதி வாங்கித் தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வார்.

நம் மாவட்டத்தில் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துவது லேசான காரியமில்லை. வரப்புத் தகராறைப் பார்த்தவர் வழக்கு விசாரணைக்கு வரும்போது பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், இல்லையென்றால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். தொப்பூர் கணவாய் விபத்தைப் பார்த்த லாரி டிரைவருக்கு ஊர் ராஜஸ்தான். ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. வந்த அன்றைக்கு வாய்தா என்றால் அடுத்த முறை அவர் வரமாட்டார். இதற்கிடையே எதிரி வீட்டார் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பேசிவிட்டுப் போவார்கள். சாட்சி பல்டி அடித்துவிட்டான் என்று கோர்ட் வராண்டாவில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவன் வீட்டுத் திண்ணையில் முந்தின ராத்திரி யார் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பதில்லை.

இதற்கு நம் மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி, ஜெயலலிதாவுக்கு ஒரு வழக்கில் தண்டனை அறிவிக்கப்பட்டதை எதிர்த்து அ.தி.மு.க.வினர் மறியல் செய்த நாளில், இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண்பிள்ளைகள் கருகிச் செத்தார்கள். பட்டப்பகலில், பலர் பார்க்க நடந்த கொடுமை. அப்படியிருந்தும் கிருஷ்ணகிரி செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை தொடங்கியதும் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். இறந்த பெண் ஒருத்தியின் தகப்பனார் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கைச் சேலத்துக்கு மாற்றி, தனியாகச் சிறப்பு அரசு வழக்கறிஞரை வைத்து, விசாரணையை முதலிலிருந்து நடத்த 2003-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2007 பிப்ரவரியில் சேலம் கோர்ட் மூன்று பேருக்குத் தூக்கும் 25 பேருக்குச் சிறையும் கொடுத்தது. தூக்குத் தண்டனையை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018-இல் அந்த மூவரும் விடுதலையானார்கள். அந்த விடுதலையைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கலாம். அதே வழக்கு ஒரு கோர்ட்டில் நொறுங்கி இன்னொரு கோர்ட்டில் நின்றதே, அதைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். அரசு வழக்கறிஞர் இருக்கையில் யார் உட்காருகிறார், சாட்சி பயமில்லாமல் பேச இடம் இருக்கிறதா, இந்த இரண்டும்தான் அங்கே மாறின.

வாச்சாத்தியையும் சொல்ல வேண்டும். 1992 ஜூன் 20-இல் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். என் துறைக்காரர்களும் அதில் இருந்தார்கள் என்பதை எழுத எனக்குக் கை கூசுகிறது. எழுதாமல் விடுவது அதைவிடப் பெரிய தப்பு. உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ. விசாரித்து 269 பேர் மீது வழக்கு நடத்தியது. அரசாங்கத்துச் சீருடைக்கு எதிராக அந்தப் பெண்கள் கூண்டேறினார்கள். வருஷங்கள் ஓடியும், குடைந்து குடைந்து கேட்டும் பின்வாங்கவில்லை. 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

சாட்சிக்கு இன்றைக்குச் சில பாதுகாப்புகள் வந்திருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மிரட்டல் இருக்கும் சாட்சி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். அந்தக் குழுவின் செயலர் மாவட்டத்து அரசு வழக்கு நடத்தும் துறையின் தலைவர். 2024 ஜூலை 1-இல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், குறிப்பிட்ட இடத்திலிருந்து காணொளியில் சாட்சி சொல்லவும் வழி செய்திருக்கிறது. அரசு ஒரு வழக்கைத் திரும்பப் பெற நினைத்தால், பாதிக்கப்பட்டவரின் பேச்சைக் கேட்காமல் கோர்ட் அனுமதிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

ஆகவே உங்களுக்குச் சாட்சிச் சம்மன் வந்தால் அதை வாங்காமல் ஒளியாதீர்கள். மதிக்காமல் விட்டால் பிடியாணை வரும். விசாரணை நாளில் சீக்கிரமே வந்து ஏ.பி.பி. அறையைத் தேடிப் போங்கள். புகார் கொடுத்தவர் நீங்கள் என்றால் அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். யாராவது மிரட்டியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். சாட்சி சொல்லி முடித்ததும் பேட்டா எவ்வளவு என்று கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.