பழுதான அறைகலனும் நுகர்வோர் உரிமையும்

புதிதாக வாங்கிய கட்டில், மேசை, சோபா போன்ற அறைகலன்கள் பழுதாக இருந்தால், 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வாங்கியவருக்குத் தீர்வளிக்கிறது.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ எனப் பல கடைகள் ரசீதில் அச்சிடுகின்றன. பழுதான பொருளுக்கு இது பொருந்தாது. ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாள்களுக்குள், அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை ஆகும்.

கடைக்காரர் இணங்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பொருளை வெளியூரில் வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, விலை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணமும் இல்லை. பழுதை நீக்கவோ, வேறு பொருள் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ ஆணையம் உத்தரவிடலாம். ரசீதும் பழுதைக் காட்டும் ஒளிப்படமும் முக்கியச் சான்றுகள்.