சிவப்பு ஐசி வைத்திருப்பவர்கள்

ஈப்போ லகாட் சாலைப் பக்கம் டீ குடிக்க உட்கார்ந்தால் எப்படியோ இந்தப் பேச்சு வந்துவிடும். "வெளிநாட்டுக்காரங்க இவ்வளவு பேர் வந்துட்டாங்க சார், அதனாலதான் நம்ம ஆளுங்க குடியுரிமை மனு வருசக்கணக்கா நகராம கெடக்கு." சொல்பவர் தோட்டத்தில் பிறந்தவர். அவர் வீட்டிலோ அண்டை வீட்டிலோ சிவப்பு ஐசியோடு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டையோடு, ஒரு பாட்டி இருப்பார். கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேரும் இடம் சரியில்லை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது.

2010 கணக்கெடுப்பின்படி மலேசியாவில் 28.3 மில்லியன் பேர் இருந்தார்கள். அவர்களில் 8.2 விழுக்காட்டினர் குடிமக்கள் அல்லாதவர்கள். பெரும்பாலும் வேலைக்கு வந்தவர்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசத் தம்பியின் பெர்மிட்டைப் பாருங்கள். அது தற்காலிக வேலை அனுமதி. ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. குடும்பத்தை அழைத்து வர முடியாது, இங்கே கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. எத்தனை வருடம் உழைத்தாலும் அது நிரந்தர வசிப்பிடத் தகுதியாக மாறாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 5 ஆண்டு சட்டப்படி தொடர்ந்து வாழ்ந்தவர் நீண்டகால வசிப்புரிமை கேட்கலாம். அதனால் அங்கே இன்று ஆள் கூடினால், சில ஆண்டுகளில் மனுவும் கூடும். இங்கே அந்த வழியே கிடையாது. குடியுரிமை வரிசையில் அந்தத் தம்பி நிற்கவே இல்லை.

பிறகு யார் நிற்கிறார்கள்? அதற்குப் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1931இல் மலாயா இந்தியர்களில் இங்கேயே பிறந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். அன்றைக்கு நாம்தான் வெளியில் பிறந்த கூட்டம். தோட்டத்துக்கு ஆள்பிடிக்கும் கங்காணி அழைத்தார், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். பிரிட்டிஷ் பிரஜை என்பதால் யாரும் பெரிதாகக் காகிதம் கேட்கவில்லை; தோட்டத்துக்குக் கை தேவைப்பட்டது, அவ்வளவுதான். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்பிடிப்பை நிறுத்தியது. 1947 கணக்கெடுப்பில் நம்மவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மலாயாவில் பிறந்தவர்கள். வேர் பிடித்த அந்த நேரத்தில்தான் காகிதம் வந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. இன்று கையில் வைத்திருக்கும் ஐசியின் கதை நம் பேராக் ரப்பர் காட்டில் தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

1957இல் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம். அதற்கு முன் இங்கே பிறந்த வயதுவந்தோர், முந்தைய 7 ஆண்டுகளில் 5 ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால் பதிந்து குடியுரிமை பெறலாம். முதல் ஒரு வருடத்துக்குள் மனு செய்தால் மலாய் மொழித் தகுதி கூட வேண்டாம். பெரிய வாய்ப்பு அது. ஆனால் பால்மரத்துக்கும் லயத்துக்கும் இடையில் வாழ்ந்தவர்களில் எத்தனையோ பேருக்குச் சேதி சரியாகப் போய்ச் சேரவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் உண்டு, தோட்ட எழுத்தர் கிராணி எழுதிய பெயரும் கூப்பிடும் பெயரும் வேறாக இருந்தவர்கள் உண்டு, "ஊருக்குத்தானே திரும்பப் போறோம்" என்று விட்டவர்களும் உண்டு.

அதன் விலை 1969இல் தெரிந்தது. குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று 1968இல் வந்த சட்டம், அந்த ஆண்டு மே மாத இனக் கலவரத்துக்குப் பிறகு இறுக்கமாக அமலானது. நேற்றுவரை பால் வெட்டிய கை இன்று அனுமதி கேட்டு நின்றது. சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. போகாமல் தங்கியவர்களில் பலர் சிவப்பு ஐசியோடு நின்றார்கள்.

இதிலிருந்துதான் என் கருத்து. வெளியாட்கள் கூடும்போது அரசு விதியை இறுக்குகிறது. புதிதாக வந்தவர் மேல் அந்த விதி பெரும்பாலும் படுவதில்லை. அவர் பெர்மிட் முடிந்ததும் ஊர் திரும்புகிறார். சட்டத்தின் கண்ணில் "குடிமகன் அல்லாதவர்" என்ற ஒரே பெட்டிக்குள் கிடக்கும் நம் தோட்டத்துப் பாட்டி மேல்தான் அது விழுகிறது. 1962 முதல், இங்கே பிறக்கும் குழந்தை குடிமகனாக வேண்டுமானால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நல்ல நீதி செய்தது. அதே திருத்தம் "நிரந்தரவாசி" என்ற பகுதியை எடுத்துவிட்டது. அது நடைமுறைக்கு வந்த பிறகு பிறக்கும் குழந்தைக்குச் சிவப்பு ஐசிப் பெற்றோர் மட்டும் போதாது. மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவரையும் முந்தாநாள் வந்தவரையும் பிரித்துப் பார்க்காத விதி இது. எனக்கு ஒப்பவில்லை.

இதில் நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. அப்பாவிடம் குடிமகனுக்குரிய நீல ஐசி, அம்மாவுக்குக் குடியுரிமை இல்லை. கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. அப்படியானால் பிள்ளை சட்டப்படி அம்மாவைத்தான் பின்பற்றும். அப்பாவின் நீல ஐசி உதவாது. 1982 மார்ச் முதல் திருமணப் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டிலிருந்து மருமகள் எடுக்கும் வீடுகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: குழந்தை பிறக்கும் முன்பே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய்க் கல்யாணத்தைப் பதிந்துவிடுங்கள். பிறந்ததும் 60 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். பெயரின் எழுத்தை அம்மா அப்பா ஐசியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.