அசுரன், அஷுரா, எட்டுக் கட்டம்

மைசூரு என்னும் பெயர் மகிஷாசுரனிலிருந்து வந்தது என்பது மரபு. சாமுண்டி மலையில் வாளும் நாகமும் ஏந்தி நிற்கும் வண்ணச் சிலை அம்மரபின் கண்கூடான சின்னமாகும். தேவியிடம் தோற்ற அவ்வசுரனின் பெயரைக் கன்னடம் ஒலியாகவே ஏற்றுத் திரித்துக்கொண்டது. அகநானூறு கூறும் எருமையூரனின் ஊர் இதுவே என்னும் ஆய்வாளர் கருத்து சரியானால், மகிஷம் என்பதற்கு எருமை என்று பொருளாதலால், தமிழ் அதே ஊரைப் பொருளால் அழைத்திருக்கிறது. ஜப்பானிய வீடியோ கேம்களில் வரும் எதிரிகளின் பெயர்களை ஆங்கிலத்திற்குக் கொண்டுசெல்வோரும், ஒலியைக் காப்பதா பொருளைக் காப்பதா என்னும் இதே கேள்வியையே எதிர்கொள்கின்றனர்.

அவ்விளையாட்டுகளில் இந்திய அசுரர்களுக்குப் பஞ்சமில்லை. சில வகைச் சொற்களைப் பெயர்க்காமல் ஒலியாகவே விட வேண்டும் என்று 7ஆம் நூற்றாண்டின் சீனத் துறவி சுவான்சாங் விதி வகுத்ததாகச் சீன பௌத்த மரபு கூறும். அப்படி ஒலிக்காக மட்டும் கோக்கப்பட்ட மூன்று சீன எழுத்துகளில் ஜப்பானை அடைந்த அசுரன், அங்கே 'அஷுரா' ஆனான். நாரா நகரின் கோஃபுகுஜி கோயிலில் 734இல் வடிக்கப்பட்ட அவனுடைய சிலைக்கு மூன்று முகங்களும் ஆறு கைகளும் உண்டு. 1991இல் வெளியான 'ஃபைனல் ஃபேன்டசி 4' விளையாட்டில் அவன் முகம் மாறும் அரசியாகவே ஆகிவிட்டான் என்றாலும், பெயர் வடமொழி ஒலிக்குத் திரும்பி 'அசுரா' என்றே நிற்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுபவர், வடமொழி மூலத்தை நோக்குவதா ஜப்பானிய உச்சரிப்பை நோக்குவதா என்பதை ஒவ்வொரு முறையும் முடிவுசெய்ய வேண்டும்.

அயற்சொற்களை எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் அசை எழுத்து முறையான கத்தகானாவில் ரகரத்திற்கும் லகரத்திற்கும் தனித்தனி எழுத்து இல்லாததால், அறிமுகமற்ற பெயரைப் படிப்பவர் இரண்டில் ஒன்றை ஊகிக்கத்தான் வேண்டும். வடவெழுத்தை நீக்கித் தன் எழுத்தால் எழுதுக என்ற தொல்காப்பிய விதிப்படி மகிஷனை மகிடனாக்கிய தமிழருக்கு இது புதிதன்று.

பொருளை நாடும் பெயர்களுக்கு மாற்று கண்டுபிடிப்பதே வழி. 'டிராகன் குவெஸ்ட்' தொடரில் 'ஹொய்மி' எனும் குணமாக்கும் மந்திரத்தின் பெயரைத் தாங்கிய 'ஹொய்மி ஸ்லைம்', அம்மந்திரத்தை அறியாத ஆங்கில வாசகருக்காக 'ஹீல்ஸ்லைம்' ஆனது. 'சூப்பர் மாரியோ'வில் கஷ்கொட்டையைக் குறிக்கும் சொல்லால் ஆன 'குரிபோ'வோ, மூலத்துடன் உறவே இல்லாத 'கூம்பா'வாக மாறியது. இரண்டில் முன்னதே நேர்த்தியான வேலை.

ஆனால் பல முடிவுகளை எடுத்தது மொழியறிவு அன்று, கருவியின் இடநெருக்கடி. பழைய நின்டெண்டோ கருவி திரையை 8க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தை வைத்தது. ஓர் அசையை ஒரே எழுத்தில் அடக்கும் ஜப்பானியத்திற்கு அது போதுமானதாயிருந்தது, ஆங்கிலத்திற்கோ போதவில்லை. 1990இல் ஆங்கிலத்தில் வந்த முதல் 'ஃபைனல் ஃபேன்டசி'யில் எதிரியின் பெயருக்கு எட்டுக் கட்டங்களே கிடைத்ததால், 'விசர்ட்' என்னும் சொல் டபிள்யூ, இசட் என்ற இரண்டே எழுத்துகளாய்ச் சுருங்கி 'ஓகர்' என்னும் அரக்கனின் முன் ஒட்டிக்கொண்டது.