விளையாட்டு சோறு போடுமா?

குற்றாலத்தில் சாரல் விழுகிறது. அருவி கொட்டுகிறது. கூட்டம் அலைமோதுகிறது.

மங்குஸ்தான் பழம் விற்கிறவர், சிப்ஸ் கடைக்காரர், எண்ணெய் தேய்த்து விடுகிறவர் எல்லோருக்கும் ஒரு கணக்கு தெரியும். பெரிய சீசன் மூன்று மாதம்தான். ஜூனில் தொடங்கும். செப்டம்பரில் முடிந்துவிடும். அதற்குள் சேர்த்து வைத்தால்தான் மற்ற மாதங்களில் அடுப்பு எரியும்.

இதே கணக்கு, தென்காசிப் பக்கத்து மைதானங்களில் விடியற்காலையில் ஓடுகிற பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

"எலே, ஓடிக்கிட்டே இருந்தா சோறு கெடைக்குமாலே?" என்று தகப்பனார் கேட்கிறார்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஓட்டம்?" என்று தாயார் கேட்கிறாள்.

கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் என்ன?

விளையாட்டு சோறு போடும். ஆனால், தனியாகப் போடாது. படிப்பும் கூட வந்தால்தான் போடும்!

சின்ன சீசன்

ஓட்டக்காரரின் சீசன் மிகவும் சிறியது. முப்பது வயதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு வேகம் குறைந்துவிடும். அதற்கு முன்பே முழங்கால் பிசகினால், அன்றோடு ஓட்டம் நின்றுபோகலாம்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட பையனுக்குப் பத்தொன்பது வயதில் கால் போனால் என்ன ஆகும்? மைதானமும் இல்லை. கல்லூரியும் இல்லை. அலமாரியில் நாலு கோப்பைதான் இருக்கும்!

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களின் விளையாட்டைப் பார்க்க லட்சம் பேர் கூடுவதுண்டு. அங்கேகூட, கல்லூரியில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் விளையாட்டையே தொழிலாகக் கொள்ள முடிகிறது. மற்றவர்கள் படித்த படிப்பை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அதனால் அங்கே ஒரு விதி உண்டு. குறிப்பிட்ட மார்க் வாங்காதவர் கல்லூரி அணியில் ஆட முடியாது.

மதுரைப் பெண்

அவ்வளவு தூரம் போக வேண்டாம். செங்கோட்டையில் ரயில் ஏறினால் மதுரை. அங்கே ரேவதி வீரமணி இருக்கிறார்.

சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். பாட்டி கூலி வேலை செய்து வளர்த்தார். காலில் பூட்ஸ் இல்லாமல் ஓடிய பெண். பயிற்சியாளர் கண்ணன் அவருடைய வேகத்தைக் கண்டார். ஓடக் கற்றுக்கொடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மதுரை லேடி டோக் கல்லூரியில் இலவசமாகப் படிக்கவும், விடுதியில் தங்கவும் வழி செய்தார்.

ரேவதி படித்தார், ஓடினார். ரயில்வேயில் வேலை கிடைத்தது. 2021ஆம் ஆண்டில் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

அந்த அணி பதக்கம் வாங்கவில்லை. ஆனால் ரேவதிக்குப் படிப்பு இருக்கிறது. உத்தியோகம் இருக்கிறது. பாட்டியின் பாடு வீண் போகவில்லை!

எத்தனை வாசல்!

விளையாட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வாசல்கள் பல.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் ஏற்பட்டது. அது நடத்தும் விளையாட்டு விடுதிகளில் தேர்வாகும் பிள்ளைகளுக்கு உணவு, தங்கும் இடம், பயிற்சி எல்லாம் இலவசம். அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகலாம்.

பொறியியல் கல்லூரி கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. தமிழகக் காவல்துறைக்கு ஆள் எடுக்கும்போது நூற்றுக்குப் பத்து இடம் அவர்களுக்கு. சிறந்த வீரர்களுக்கு மாநில அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் ராணுவமும் வீரர்களைத் தேடி எடுக்கின்றன.

ஆனால், இந்த வாசல்களுக்கெல்லாம் இரண்டு பூட்டு. ஒன்று பதக்கத்தால் திறக்கும். மற்றொன்று படிப்பால்தான் திறக்கும். கணக்குப் பாடம் எடுக்காத பையன் பொறியியல் இடம் கேட்க முடியுமா? வேலைக்கு உரிய படிப்பு இல்லாதவருக்குப் பதக்கம் மட்டும் போதுமா?

ஓட்டம் நின்ற பிறகும் மைதானத்தை விட்டுப் போக மனம் இல்லாதவர்கள் உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம், பயிற்சியாளர் ஆகலாம். சென்னையில் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இப்போது நந்தனத்தில் நடந்து வருகிறது. அங்கே சேரவும் படிப்பு வேண்டும்.

சொந்த மாவட்டம்

தென்காசி முன்பு நெல்லை மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 22ஆம் தேதி தனி மாவட்டம் ஆயிற்று. குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி போன்ற பள்ளிக்கூடப் போட்டிகளில், இங்குள்ள பிள்ளைகள் தங்கள் மாவட்டத்தின் பெயரிலேயே மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

மகளைத் தொலைவில் அனுப்பப் பயப்படுகிறவர்களுக்குக் குற்றாலத்திலேயே பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. ஓட்டம் ஒரு காரணமாகிப் பெண்ணின் படிப்பு நின்றுவிடக் கூடாது. படிப்பு ஒரு காரணமாகி ஓட்டமும் நின்றுவிடக் கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியது

ஒன்று: சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எல்லாம் பள்ளிக்கூடப் பதிவில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று, வாங்கிய அன்றைக்கே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்! நகல்களும் எடுத்து வையுங்கள்.

இரண்டு: பத்தாம் வகுப்பு முடிந்ததும், எந்தப் பாடம் எடுத்தால் எந்தக் கல்லூரிக்குப் போகலாம் என்று விளையாட்டு ஆசிரியரையும் வகுப்பு ஆசிரியரையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்று: எந்தப் போட்டியின், எந்த ஆண்டுச் சான்றிதழ் செல்லும்? விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது? அறிவிப்பு வந்ததும் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்தவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பந்தயத்தில் ஒரு நொடி தாமதித்தால் பதக்கம் போகும். விண்ணப்பத்தில் ஒரு நாள் தாமதித்தால் ஒரு வருஷமே போகும்!

நான்கு: பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பரிசுப் பணத்தை அதில் போட்டு, கணக்குப் பார்க்கப் பழக்குங்கள். தனியாக ரயில் ஏறவும், தோற்றால் தாங்கிக்கொள்ளவும் பழகட்டும்.

ஐந்து: தூக்கத்தைக் குறைக்காதீர்கள். காலையில் ஓடி, இரவு வெகுநேரம் விழித்துப் படித்தால் இரண்டும் கெடும்.

இரண்டு கேள்வி

சாரல் நின்றதும் குற்றாலத்துக் கூட்டம் கலைந்துவிடும். சேர்த்து வைத்த கடைக்காரர் கவலைப்பட மாட்டார்.

பிள்ளை இன்று மாலை மைதானத்திலிருந்து வீட்டுக்கு வரும். தண்ணீர் கொடுங்கள். பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள்.

"இன்னைக்கு எத்தனை நொடியிலே ஓடினே?"

"இன்னைக்கு என்ன பாடம் படிச்சே?"

இரண்டையும் தினமும் கேட்கிற வீட்டில், விளையாட்டு நிச்சயம் சோறு போடும்!