சிங்காடா அறுவடைக் காலத்தில் பரவும் குடல் தட்டைப்புழு நோய்: குளத்து நத்தைகளின் பங்கு என்ன?

பிகார், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களின் கிராமக் குளங்களில் சிங்காடா காய் அறுவடையாகும் மழைக்குப் பிந்தைய மாதங்கள், 'ஃபேசியோலாப்சியாசிஸ்' எனப்படும் குடல் தட்டைப்புழு நோய் தொற்றுவதற்கு ஏற்ற காலமாகும். நத்தைகள் வழியாகப் பரவும் இந்நோய், பிகாரின் சீதாமர்ஹி மாவட்டத்தில் குழந்தைகளிடம் பதிவாகியுள்ளது.

பரவுவது எப்படி?

மனிதர்கள் மற்றும் பன்றிகளின் சிறுகுடலில் வாழும் 'ஃபேசியோலாப்சிஸ் பஸ்கி' புழு 7.5 செ.மீ. நீளம் வரை வளரக்கூடியது. மலத்துடன் வெளியேறும் இதன் முட்டைகளை மழைநீர் குளங்களுக்கு அடித்துச் செல்கிறது. வெதுவெதுப்பான நீரில் அவை 3 முதல் 7 வாரங்களில் பொரிக்கின்றன. வெளிவரும் இளம் உயிரிகள் சிறிய நன்னீர் நத்தைகளுக்குள் புகுந்து பெருகுகின்றன. பின்னர் நத்தையிலிருந்து வெளியேறி, நீர்த்தாவரங்களின் மீது ஒட்டிக்கொண்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத கூடுகளாக மாறுகின்றன. பச்சைச் சிங்காடாவின் தோலைப் பல்லால் கடித்து உரிக்கும்போது இக்கூடுகள் வயிற்றுக்குள் செல்கின்றன.

குடலில் புழு முதிர்ச்சியடையச் சுமார் 3 மாதங்கள் ஆகும். எனவே, மலப் பரிசோதனையில் முட்டைகள் தென்படும்போது அறுவடைக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். காய்க்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு குடும்பத்தினருக்குத் தெரியாமல் போக இதுவும் ஒரு காரணம். தொற்று தீவிரமானால் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, முகம் மற்றும் கால்களில் வீக்கம் ஆகியவை ஏற்படலாம்.

பள்ளி மாத்திரை போதுமா?

தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையிலானோருக்கு வழங்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரை, மண் வழியாகப் பரவும் உருளைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கானது. தட்டைப்புழுவுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் பிரசிகுவாண்டெல் மருந்தே உரிய சிகிச்சையாகும். ஆகவே, பள்ளியில் மாத்திரை உட்கொண்ட குழந்தைக்கும் அறிகுறிகள் தொடர்ந்தால் மலப் பரிசோதனை அவசியம்.

தடுப்பது எப்படி?

சிங்காடாவை வேகவைத்து உண்பதே பாதுகாப்பானது. பச்சையாக உண்பதாயின், சுத்தமான நீரில் நன்கு கழுவி, கத்தியால் தோலை நீக்க வேண்டும். ஈரமின்றி உலர்ந்தால் இக்கூடுகள் அழிந்துவிடும் என்பதால், காயவைத்து அரைத்த சிங்காடா மாவில் இந்த அபாயம் இல்லை. கழிப்பறைப் பயன்பாடும், பன்றிகளைக் குளங்களிலிருந்து விலக்கி வளர்ப்பதும் அடுத்த மழைக்காலத்தில் முட்டைகள் நீரை அடைவதைத் தடுக்கும்.