வாய் திறந்தால்தான் தேர்ச்சி!
ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் ஒரு மாணவரின் ஆண்டு

மேசை மீது சின்னச் சின்னத் தாள்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். மாணவர் உள்ளே வந்து ஒன்றை எடுத்து, அதிலுள்ள எண்ணை விரிவுரையாளரிடம் சொல்வார். தாளில் இரண்டு அல்லது மூன்று கேள்விகள் இருக்கும். அரை மணி நேரமோ சற்றுக் கூடுதலோ உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொள்ளலாம். பிறகு விரிவுரையாளருக்கு எதிரே அமர்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் விட்டுவிட மாட்டார். "சரி, அது ஏன் அப்படி?" என்று துணைக் கேள்விகள் வரும். மனப்பாடம் எவ்வளவு, புரிந்தது எவ்வளவு என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் முக்கியமான தேர்வுகள் பல இன்றும் இப்படித்தான் நடக்கின்றன. அந்தத் தாளுக்குப் பெயர் 'பில்யெத்'. பேருந்துச் சீட்டுக்கும் அவர்கள் சொல்லும் சொல் அதுவே. எஸ்பிஎம், எஸ்டிபிஎம் என்று எழுத்துத் தேர்வுகளிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது புது அனுபவம்.

வானொலியில் மேற்கல்வி பற்றிப் பேசும் நாள்களில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "கட்டணம் எவ்வளவு?" அடுத்தது, "குளிர் தாங்குமா?" மொழியைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும். சில நேரங்களில் வராமலே போய்விடும். ஆனால் அங்கே போகும் பிள்ளை எப்படிப்பட்ட பட்டதாரியாகத் திரும்பும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்விதான்.

நம்மவர்கள் போன பாதை

மாஸ்கோ, நிஸ்னி நோவ்கொரோத், வோல்கோகிராட், கூர்ஸ்க். மருத்துவக் கனவுள்ள மலேசியக் குடும்பங்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் பழக்கமானவை. அரசாங்க உபகாரச் சம்பளத்தில் போனவர்களும் உண்டு, வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய பெற்றோரும் உண்டு.

அந்த நாடு வெளிநாட்டு மாணவர்களை வரவேற்பது இன்று நேற்றல்ல. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இளையர்களுக்காகவே 1960இல் மாஸ்கோவில் 'மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம்' தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொங்கோவின் தலைவர் பத்ரீஸ் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1992இல் அந்தப் பெயர் நீக்கப்பட்டு, 2023இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. அதற்கும் முன்னால் பார்த்தால், மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகம் 1755இல் பிறந்தது. அதன் மருத்துவத் துறையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய செச்செனோவ் மருத்துவப் பல்கலைக்கழகம்.

அங்கே மருத்துவப் படிப்பு ஆறு ஆண்டுகள். சேர வரும் வெளிநாட்டு மாணவர் முன் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆயத்த வகுப்பில் ரஷ்ய மொழி கற்று, பிறகு ரஷ்ய மொழியிலேயே பாடங்களைப் படிப்பது. மற்றொன்று, ஆங்கில வழி வகுப்பில் நேராகச் சேர்ந்து, ரஷ்ய மொழியை ஒரு பாடமாகப் படிப்பது. நம் பிள்ளைகள் பலர் தேடுவது இந்த இரண்டாவது வழியை. கூர்ஸ்க் மருத்துவப் பல்கலைக்கழகம் 1990களிலேயே ஆங்கில வழியைத் தொடங்கிவிட்டது.

ஐந்துக்கு எத்தனை?

கல்வி ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்குகிறது. இரண்டு பருவங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும், அதாவது ஜனவரியிலும் ஜூனிலும், தேர்வுக் காலம். அதை 'செஸ்ஸியா' என்பார்கள். சில பாடங்களுக்குத் தேர்ச்சி உண்டா இல்லையா என்பது மட்டும்தான். மற்றவற்றுக்கு மதிப்பெண். 5 என்றால் மிகச் சிறப்பு, 4 என்றால் நன்று, 3 என்றால் பரவாயில்லை, 2 வாங்கினால் தோல்வி. அந்த 1ஐ யாருக்கும் கொடுப்பதில்லை, 2க்கே பிள்ளை நொந்து போய்விடும்!

மதிப்பெண்களைப் பதிவதற்கு 'ஸச்சோத்கா' என்றொரு சிறு புத்தகம் உண்டு. தேர்வு முடிந்ததும் விரிவுரையாளர் அதில் மதிப்பெண் எழுதிக் கையொப்பமிடுவது வழக்கம். இப்போது பல இடங்களில் அது கணினிக்கு மாறிவிட்டது. முடிவில் பட்டச் சான்றிதழ் இரண்டு நிறங்களில் வரும். முக்கால்வாசிப் பாடங்களிலாவது 5 எடுத்து, எதிலும் 3 வாங்காமல், இறுதி அரசுத் தேர்விலும் 5 எடுத்தவர்களுக்குச் சிவப்பு. மற்றவர்களுக்கு நீலம்.

மருத்துவ மாணவர்கள் பயப்படும் இன்னொரு சொல் 'அத்ரபோத்கா'. தவறவிட்ட வகுப்பை ஈடுசெய்வது என்று பொருள். காய்ச்சலோ, தூங்கிவிட்டதோ, காரணம் எதுவானாலும் செய்முறை வகுப்பைத் தவறவிட்டால், அந்தப் பாடத்தைத் தனியாகப் படித்துப் போய் ஆசிரியரிடம் ஒப்பிக்க வேண்டும். இவற்றை மலைபோல் சேரவிட்டால் தேர்வு எழுத அனுமதியே கிடைக்காமல் போகும். வெள்ளை மேலங்கியும் மாற்றுக் காலணியும் இல்லாமல் வகுப்புக்குள் விடாத ஆசிரியர்களும் உண்டு. குளிர்கால மேற்சட்டையை வாசலில் உள்ள உடை அறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"எங்கே வலிக்குது?"

ஆங்கில வழியில் சேர்ந்தால் ரஷ்ய மொழி தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் அப்படி ஓட்டிவிடலாம். மூன்றாம் ஆண்டு வாக்கில் மாணவர்கள் மருத்துவமனை வார்டுக்குள் நுழைவார்கள். கட்டிலில் படுத்திருக்கும் எழுபது வயதுப் பாட்டி ஆங்கிலத்தில் முனகப் போவதில்லை. "க்த்யெ பலீத்?" என்று கேட்க வேண்டும். எங்கே வலிக்குது என்று பொருள். கேட்பது எளிது. வரும் பதிலைப் புரிந்துகொள்வதுதான் கடினம்.

நம் பாட்டிகள் வெறுமனே வலி என்று சொல்வார்களா? குத்துது, எரியுது, இழுக்குது, பிசையுது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருப்பார்கள். ரஷ்யப் பாட்டியும் அப்படித்தான். 'கோலெத்' என்றால் குத்துது, 'த்யானெத்' என்றால் இழுக்குது. நோயைக் கண்டுபிடிக்க உதவும் துப்பே இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. அவை புரியாத மாணவர், கூட்டத்தின் பின்வரிசையில் நின்று மொழி தெரிந்த நண்பரின் குறிப்பை நகலெடுத்துக்கொண்டு ஆறு ஆண்டுகளை முடித்துவிடவும் முடியும். அப்படி முடித்தவர், பிறகு நம் ஊர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக நிற்கும்போதுதான் இழப்பு தெரியும். பாடப்புத்தகம் படித்த அளவுக்கு அவர் நோயாளிகளோடு பேசியிருக்க மாட்டார்.

தமிழ் தெரிந்த பிள்ளைகளுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்களுக்கு அது தலைவலி. தமிழ்ப்பள்ளியில் எட்டு வேற்றுமைகளைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு, சொல்லின் வால் மாறினால் பொருள் மாறும் என்பது தெரிந்த விஷயம்தானே! 'யா ஸ்துதென்த்' என்றால் 'நான் மாணவன்'. நடுவில் வினைச்சொல் கிடையாது, நம்மைப் போலவே. குளிர்ந்தால் 'ம்ன்யே ஹோலத்னா' என்பார்கள். 'எனக்குக் குளிருது' என்பதில் உள்ள அதே நான்காம் வேற்றுமை! நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு. ஆசிரியரை 'நீ' என்று அழைத்துவிட்டால் அறை அமைதியாகிவிடும்.

ஆசிரியரைப் பெயரோடு அவர் தந்தையின் பெயரையும் சேர்த்து அழைப்பதே மரியாதை. பெயர் ஆன்னா, தந்தை இவான் என்றால் 'ஆன்னா இவானொவ்னா'. அடையாள அட்டையில் தந்தை பெயரைச் சுமந்து திரியும் நமக்கு இதுவும் புதிதல்ல.

எதிர்த்திசையில் நடந்தவர்களும் இருக்கிறார்கள். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு தமிழ் கற்பித்த அலெக்சாண்டர் துபியான்ஸ்கி, சங்க இலக்கியத்தை ஆராய்ந்தவர். 2020இல் கொரோனா காலத்தில் காலமானார். நம் மொழியை அவர்கள் அந்த அளவுக்குக் கற்றிருக்கிறார்கள் என்றால், முப்பத்து மூன்று எழுத்துகளுக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

விடுதி, சமையலறை, இருட்டு

குளிரைப் பற்றி நாம் கற்பனை செய்வதும் அங்கே நடப்பதும் வேறு. கட்டடங்களுக்கான வெப்பம் பெரும்பாலும் நகரத்தின் பொது அமைப்பிலிருந்து குழாய் வழியாக வருகிறது. சராசரி வெப்பநிலை ஐந்து நாள்களுக்கு 8 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அதைத் திறப்பார்கள். அதனால் முதல் ஆண்டு மாணவர் அதிகம் நடுங்குவது இலையுதிர்காலத்தில், வெப்பம் வராத அந்தச் சில நாள்களில்தான். ஜனவரியில் வெளியே பனி கொட்டும்போது அறைக்குள் சட்டைக்கை மடித்துவிடும் அளவுக்குச் சூடு இருக்கும்.

நம்மவர்களை உண்மையில் சோர வைப்பது இருட்டு. டிசம்பரில் மாஸ்கோவில் பகல் ஏறக்குறைய ஏழு மணி நேரம்தான். காலை வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஆண்டு முழுதும் ஒரே நேரத்தில் விடியும் நாட்டிலிருந்து போன பிள்ளைக்கு, காரணமே தெரியாமல் மனம் கனக்கும். வீட்டிலிருந்து அழைப்பவர்கள் "சாப்பிட்டியா?" என்பதோடு, "இன்னிக்கு வெளிச்சத்துல கொஞ்சம் நடந்தியா?" என்றும் கேட்பது நல்லது.

விடுதியில் ஓர் அறைக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். சமையலறை பெரும்பாலும் மாடிக்கு ஒன்று. அரிசி, பருப்பு, கோழி எல்லாம் கடையில் கிடைக்கும். மிளகாய்த்தூளும் புளியும்தான் பெட்டியில் போக வேண்டியவை. பெரிய நகரங்களில் இந்திய மசாலைக் கடைகளும் உண்டு. மோரை நினைவூட்டும் 'கெஃபீர்' பலருக்குச் சீக்கிரம் பிடித்துவிடும். 'க்ரேச்கா' எனும் தானியச் சோற்றுக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

ஓசி மதிப்பெண்ணே, வா!

தேர்வுக்கு முந்தைய இரவு, விடுதிச் சன்னலைத் திறந்து, ஸச்சோத்காவை வெளியே நீட்டி, "ஹல்யாவா, வா!" என்று கத்துவது அங்குள்ள மாணவர்களின் பழைய வேடிக்கை. ஹல்யாவா என்றால் சுத்தத் தமிழில் ஓசி! உழைக்காமல் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கான அழைப்பு அது. மாஸ்கோவில் 1938இல் திறக்கப்பட்ட 'ப்ளோஷத் ரெவலூத்ஸீ' மெட்ரோ நிலையத்தில், எல்லைக் காவலரோடு ஒரு வெண்கல நாய் இருக்கிறது. தேர்வுக்குப் போகிறவர்கள் தொட்டுத் தொட்டு அதன் மூக்கு மட்டும் பொன்போல மின்னுகிறது. பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுத் தேர்வுக்குப் போகும் நாம் சிரிக்க முடியாது.

குளிர்காலத் தேர்வுகள் முடியும் வேளையில், ஜனவரி 25ஆம் தேதி தத்தியானா நாள் வரும். மாஸ்கோ பல்கலைக்கழகத்தை நிறுவும் ஆணையில் பேரரசி எலிசபெத் கையொப்பமிட்ட நாள் அது. இன்று நாடு முழுதும் மாணவர் தினம்.

2022க்குப் பிறகு

இத்தனையும் சொன்ன பிறகு, இதைச் சொல்லாமல் விட முடியாது. 2022 பிப்ரவரியில் உக்ரேன் மீதான போர் தொடங்கிய பிறகு மாணவர் வாழ்க்கையும் மாறியது. அந்த ஆண்டு மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே சேவையை நிறுத்தின. வெளிநாட்டில் பெற்ற அந்த அட்டைகள் அங்கே வேலை செய்யாது. பல ரஷ்ய வங்கிகளுக்கு நேரடியாகப் பணம் அனுப்பவும் முடியாது. பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அதே மாதம் முடக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்கும் கட்டுப்பாடு வந்தது.

ஊரும் முக்கியம். கூர்ஸ்க் மாநிலம் உக்ரேன் எல்லையை ஒட்டியது. 2024 ஆகஸ்டில் உக்ரேனியப் படைகள் அதற்குள்ளேயே நுழைந்தன. எல்லையிலிருந்து வெகுதூரத்தில் உள்ள நகரங்களிலும் டிரோன் தாக்குதல்களால் விமான நிலையங்கள் அவ்வப்போது மூடப்படுகின்றன. 'ரஷ்யா' என்று பொதுவாகப் பேசாமல், எந்த ஊர், எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தை விரித்துப் பார்ப்பது பெற்றோரின் கடமை.

முன்பணம் கட்டுவதற்கு முன்

கல்விக் கண்காட்சியில் முகவர் புன்னகையோடு படிவத்தை நீட்டும்போது, சில கேள்விகளைக் கையில் வைத்திருங்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்பு, மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இன்று இருக்கிறதா? முகவரின் கையேட்டை நம்பாமல் மன்றத்திடமே கேளுங்கள். பிள்ளையின் தேர்வு முடிவுகள், மருத்துவம் படிக்க மன்றம் வகுத்துள்ள குறைந்தபட்சத் தகுதிக்குள் வருகின்றனவா? சிங்கப்பூரில் வேலை செய்யும் எண்ணம் உண்டா? அந்த நாட்டு மருத்துவ மன்றத்தின் பட்டியல் தனி. இங்கே செல்லும் பட்டம் அங்கே செல்லாமல் போகலாம். கட்டணத்தை எந்த வங்கி வழியாக அனுப்புவது? நிலைமை மோசமானால் பிள்ளை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற வழி உண்டா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ரஷ்ய மொழி கற்பிக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு?

ரஷ்ய அரசாங்கமே வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கல்விக் கட்டணமில்லா இடங்களை ஒதுக்குகிறது என்பதையும் விசாரியுங்கள். விமானச் செலவும் சாப்பாட்டுச் செலவும் நம்முடையவை. அந்த இடங்களில் படிப்பு பெரும்பாலும் ரஷ்ய மொழியில்தான்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு சோதனை. முன்பணம் கட்டுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, பிள்ளையை அந்த 33 எழுத்துகளைக் கற்கச் சொல்லுங்கள். கைப்பேசியிலேயே பாடங்கள் கிடைக்கின்றன. தினமும் அரை மணி நேரம் போதும். மூன்று மாதம் கழித்துப் பிள்ளை தன் பெயரை ரஷ்ய எழுத்தில் எழுதி, எங்கே வலிக்கிறது என்று உங்களிடம் ரஷ்ய மொழியில் கேட்டால், மற்ற கணக்குகளைப் போட ஆரம்பிக்கலாம். இரண்டாம் வாரமே அலுத்துப்போனால், அதுவும் ஒரு பதில்தான். அந்தப் பதிலை வீட்டு வரவேற்பறையில் தெரிந்துகொள்வதற்கும், மூன்றாம் ஆண்டில் ஒரு நோயாளியின் கட்டிலருகே தெரிந்துகொள்வதற்கும் இடையே பல ஆயிரம் வெள்ளி வித்தியாசம் இருக்கிறது.