ஏரோட்டர் நின்ற பிறகு

அம்பத்தூரிலிருந்து ஆவடிவரை சி.டி.எச். ரோட்டில் போனால் கடைகளின் மாடியில் பல் கிளினிக் பலகைகள் வரிசையாகக் கண்ணில் படும். உள்ளே பெரும்பாலும் ஒரே அறை, ஒரே நாற்காலி, சாத்திய ஜன்னல், ஸ்பிலிட் ஏ.சி. பல் டாக்டரின் நுரையீரலுக்கு ஆபத்து சேருவது இப்படிப்பட்ட அறையில்தான்.

சொத்தையைக் குடையும் ஏரோட்டர், காற்றழுத்தத்தில் சுழலும் கருவி. 1957-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் போர்டன் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நிமிடத்துக்கு 3 முதல் 4 லட்சம் சுற்று. அந்த வேகத்தில் பல் வெந்துவிடாமலிருக்கத் தண்ணீரும் சேர்ந்து பீய்ச்சும். தண்ணீர், எச்சில், ரத்தம், கிருமி எல்லாம் திவலையாகி மேலே எழும். காரை எடுக்கும் ஸ்கேலர் இன்னும் மோசம். அதன் முனை நொடிக்குச் சுமார் 30,000 முறை அதிர்கிறது. பெரிய துளிகள் டாக்டரின் கண்ணாடியிலும் நோயாளியின் நெஞ்சிலும் விழுந்து தொலையும். 5 மைக்ரானுக்குக் குறைந்தவை மிதந்துகொண்டே இருக்கும், மூச்சோடு நுரையீரலின் அடிவரை இறங்கும்.

2020-இல் கொரோனா வந்தபோது அவசர சிகிச்சை தவிர மற்றதெல்லாம் நின்றது இதனால்தான். ஆனால் நமக்குப் பழைய பயம் ஒன்று உண்டு: உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியர். தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருமிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்காருபவரும் உண்டு.

கொரோனா சமயத்தில் எல்லோர் கண்ணும் பி.பி.இ. உடையில் இருந்தது. என்னைக் கேட்டால், உதட்டோரம் வைக்கும் சக்ஷன் குழாய்க்குத்தான் முதல் மரியாதை. வளைந்த மெல்லிய குழாய் தேங்கும் எச்சிலை மட்டுமே குடிக்கும். தடித்த குழாய் வேறு ரகம்: சுமார் 8 மில்லிமீட்டர் வாய், நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 கன அடி காற்று. ஏரோட்டர் முனைக்குப் பக்கத்தில் பிடித்தால் திவலையில் 90 சதவீதம்வரை அங்கேயே அடங்கும். பிடிக்க இன்னொரு கை வேண்டும். தனியாளாக நடத்தும் கிளினிக்கில் அது கொக்கியிலேயே தொங்கும். பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் டேமும் எச்சில் கலப்பதைத் தடுக்கிறது. நியூயார்க்கின் சான்ஃபோர்ட் பார்னம் 1864-லேயே கண்டுபிடித்தது.

மிச்சம் காற்றோடு. ஸ்பிலிட் ஏ.சி. அறைக்காற்றையே குளிரவைத்துச் சுற்றவிடும். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்து என்றால் 1,000 கன அடி. நிமிடத்துக்கு 200 கன அடி தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனும், புதுக்காற்று நுழைய எதிர்ப்புறம் ஒரு திறப்பும் இருந்தால், காற்று மணிக்கு 12 முறை மாறும். மிதப்பதில் 99 சதவீதம் வெளியேறச் சுமார் 23 நிமிடம். 6 முறைதான் மாறுகிறது என்றால் 46. வேலப்பன்சாவடி, முகப்பேர் பக்கமுள்ள பல் மருத்துவக் கல்லூரிகள் போன்ற இடங்களில், ஒரே கூடத்தில் பல நாற்காலிகள் ஓடும்போது, இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

கடைசி அரண் என்-95. 0.3 மைக்ரான் துகளில் குறைந்தது 95 சதவீதத்தை அது பிடிக்கும், முகத்தோடு ஒட்டியிருந்தால். தாடி இருந்தால் இடைவெளி விழும். ஏரோட்டர் சத்தம் நின்றதும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் மெல்லக் கூடாது என்று விளக்க ஆரம்பிக்கிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. அந்த 23 நிமிடம் தொடங்குவதே அப்போதுதான்.